உடுவில் தேவகுமாரி 'சுறுக்'கைப் பரிசோதித்த கதை

உடுவிலில் யாராவது புதிதாக ஒரு பொருள் வாங்கினால், வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் தேவகுமாரியின் கேற்றடியில் நிறுத்திக் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வாங்கிய பிறகு கொண்டுவந்து காட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வாங்க முதல் எல்லோ வரவேணும். இப்ப வந்து என்னத்தைக் கேக்கிறது?" என்பார். சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டுவார். பொருளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அவருக்கு எந்தப் பொருளும் அடிப்பக்கத்தில்தான் ஆரம்பமாகும்.

தேவகுமாரிக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்து மூன்று வருடம் நிறுவை அளவைப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைகளிலும் சந்தைகளிலும் உள்ள தராசுகளையும் எடைப் படிகளையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் வேலை. சைக்கிள் கரியரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெல்வெற் துணியில் பித்தளைப் படிகள். அந்தச் சைக்கிள் சுன்னாகம் சந்தைக்குள் நுழைந்ததும் சில வியாபாரிகள் அவசரமாகத் தராசைத் துடைப்பார்கள். சிலரிடம் தராசே இருக்காது. பக்கத்துக் கடைக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். பக்கத்துக் கடைக்காரரின் தராசும் இரவல் போயிருக்கும்.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, கணவர் ஹெக்டர் சைக்கிளில் அரிசி, உடுப்பு, வேதாகமம் எல்லாம் கட்டினார். தேவகுமாரி தன் சைக்கிளில் படிப்பெட்டியைக் கட்டினார். கலியாணச் சேலை அலுமாரியிலேயே கிடந்தது. "அரசாங்கச் சொத்து" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பங்களோடு ஒதுங்கியிருந்த நாட்களில், சந்தையில் அரிசி விற்ற ஒருவரின் அரைக்கிலோப் படியில் நாற்பது கிராம் குறைவதைக் கண்டுபிடித்தார். "ஊரே ஓடிக்கொண்டிருக்கேக்கை உதைப் போய்ப் பாக்கிறியளே பிள்ளை?" என்று அந்த மனுசன் கேட்டாராம். "ஓடி வந்த சனத்துக்குத்தான் நாற்பது கிராம் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் படியைப் பறிமுதல் செய்தார். ஹெக்டர் இந்தக் கதையை யாரிடமும் பெருமையாகத்தான் சொல்லுவார். சேலைக் கதையையும் கூடவே சொல்லாமல் விடமாட்டார்.

ஹெக்டர் வேறு வார்ப்பு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் அவர் கதைக்காத ஆள் இல்லை. இலவசம் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் சைக்கிள் தானாக நிற்கும். சவர்க்காரம் வாங்கினால் கிடைத்த பிளாஸ்ரிக் கிண்ணங்கள் அவர்கள் வீட்டில் பதினாறு இருக்கின்றன. இரண்டுக்கு மட்டும்தான் மூடி உண்டு.

போன ஆவணி மாதம் சுன்னாகம் சந்தை வாசலில் செம்மஞ்சள் நிறக் கூடாரம் ஒன்று முளைத்தது. 'சுறுக்' என்ற புதிய பணப்பரிமாற்றச் சேவை. தொலைபேசியில் செயலியை இறக்கிப் பதிந்துகொண்டால் எழுநூற்றைம்பது ரூபாய் போனஸ். இன்னொருவரைக் கூட்டிவந்து சேர்த்தால் ஆளுக்கு இருநூற்றைம்பது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் காலை முழுவதும் "சுறுக்கெண்டு அனுப்புங்கோ, சுறுக்கெண்டு எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தைக்காரர்கள் அதை 'சுருக்கு' என்று எழுதி ஒட்டினார்கள். கழுத்தில் விழுகிற சாமானின் பெயராகப் போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. தேவகுமாரி கவனித்தார்.

இது தேவாலயச் சபைக்குள்ளும் வந்தது. வருடாவருடம் அறுவடைப் பண்டிகைக்குச் சபையார் கொண்டுவரும் பூசணிக்காய், வாழைக்குலை, முட்டை எல்லாவற்றையும் ஏலம் போட்டு அந்தக் காசில் பாலர் பாடசாலையை நடத்துவார்கள். முந்திய வருடம் ஒருவர் பெரிய பலாப்பழம் ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டு, காசு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சுன்னாகத்துக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. பழத்தை ஏலக் குழுவினர் சாப்பிட்டார்கள். அதனால் இந்த முறை சுறுக்கின் சதுரக் கியூ.ஆர். குறியீட்டு அட்டையை மேசையில் வைத்து, தொலைபேசியாலேயே காசு வாங்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. போதகர் ஜொனதன் ஞாயிறு ஆராதனை முடிய தேவகுமாரியிடம் வந்தார்.

"அக்கா, உதை நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லவேணும். நீங்கள் ஓம் எண்டால் ஓம்."

"எத்தினை நாள் தருவியள்?"

"ஒரு கிழமை காணுமோ?"

"காணாது. பத்து நாள்."

அன்று பின்னேரமே ஒரு புதுச் சீ.ஆர். கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் திகதி போட்டார். பணம் அனுப்பிப் பார்க்க இன்னொரு கணக்கு வேண்டுமே என்று ஹெக்டரைப் பதியச் சொன்னார்.

"நான் அண்டைக்கே ஏறிட்டன்" என்றார் ஹெக்டர்.

"எண்டைக்கு?"

"அண்டைக்கு."

வேறு நேரமாயிருந்தால் தேவகுமாரி விட்டிருக்கமாட்டார். அப்போது பரிசோதனை அவசரத்தில் இருந்தார்.

முன் அறையில் இருந்துகொண்டு ஒரு ரூபாய் அனுப்புவார். குசினியில் இருக்கும் ஹெக்டர் "வந்திட்டுது!" என்று கத்தவேண்டும். கத்தும்வரை எத்தனை வினாடி என்று கொப்பியில் எழுதுவார். பிறகு ஹெக்டர் அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்புவார். இப்படி நாற்பது தடவை. மழைக்குள், மின்சாரம் நின்ற நேரத்தில், கிணற்றடியில், கோழிக்கூட்டுக்குப் பின்னால் என்று இடங்கள் மாறின. பின்வீட்டுத் தோட்டக்காரர் மார்க்கண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹெக்டர், என்ன வந்திட்டுது? அடிக்கடி வருது?" என்று கேட்டார். "ஒரு ரூபாய் அண்ணை" என்று பதில் வந்தது. மார்க்கண்டு வெங்காயப் பாத்திக்குத் திரும்பிப் போனார்.

சிக்னல் குறைந்த இடத்திலும் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் இருவரும் பஸ் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கே சிக்னல் நன்றாகவே இருந்தது, அதையும் எழுதிக்கொண்டார். ஹெக்டருக்குக் கொப்பியில் கவனம் இல்லை. துறைமுகத்தில் நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ஏதாவது சொல்லும் மனுசன் திரும்பும்வரை வாயே திறக்கவில்லை. கடல்காற்று காதுக்குள் அடித்துவிட்டது போல என்று தேவகுமாரி நினைத்தார். அந்தப் பத்து நாளில் ஹெக்டரின் தொலைபேசி நேரகாலமில்லாமல் 'டிங்' என்று அடித்ததையும் சபைக் குழுச் செய்தி என்றுதான் நினைத்தார். மற்றவர் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் பிடிக்கிற கண் அது.

உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு ஏழு தடவை அழைத்தார். தமிழுக்கு மூன்றை அமத்தவேண்டும். அமத்தினால் சராசரி பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்கலாம். ஆனால் கடைசியில் வந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள்; அதற்கும் ஒரு சரி போட்டார். கணக்கை மூடிவிட்டு மிச்சக் காசை எடுக்க முடிகிறதா என்று பார்த்தார். இரண்டு நாளில் முடிந்தது. பிறகு திரும்பப் பதிந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு நிபந்தனைகளுக்கு வந்தார். செயலியின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். பூதக்கண்ணாடியோடு இரண்டு பகல் உட்கார்ந்தார். எழுநூற்றைம்பது கிடைக்க முதலில் இரண்டாயிரம் ரூபாயைக் கணக்கில் போடவேண்டும். கிடைத்த போனஸைக் காசாக எடுக்க முடியாது. இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. 'பங்காளர் கடைகள்' என்று நாற்பத்தொரு கடை உண்டு, அங்கே மட்டும் செலவழிக்கலாம். அதுவும் முப்பது நாளுக்குள். நாற்பத்தொன்றில் நாற்பது கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருந்தன. முகத்துக்கு ஆவி பிடிக்கும் இடம் ஒன்று, நாய்க்கு முழுகவார்த்து மயிர் வெட்டும் இடம் இரண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்தது ஒரேயொரு கேக் கடை.

பத்தாம் நாள் காலை, கடைசியாகக் கூடாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று சுன்னாகம் போனார். அங்கே கூடாரத்தின் முன்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை: 'வடக்கின் முன்னணி அழைப்பாளர்!' அதற்குக் கீழே, தலையில் செம்மஞ்சள் தொப்பியோடு, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் ஹெக்டர். இருபத்து மூன்று பேர் என்று எழுதியிருந்தது.

ஒலிபெருக்கிப் பெண் ஓடிவந்தாள். வினோஜா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"அன்ரி, பதிஞ்சிட்டியளோ?"

"பதிஞ்சிட்டன். இவர் எப்ப படம் எடுக்க வந்தவர்?"

"ஹெக்டர் அங்கிளோ? போன வியாழக்கிழமை. நல்ல மனுசன் அன்ரி. பம்பலாக் கதைச்சுச் சிரிக்கவைப்பார். அவரைத் தெரியுமோ உங்களுக்கு?"

"கொஞ்சம் தெரியும்" என்றார் தேவகுமாரி.

வீட்டில் ஹெக்டர் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தார். மனைவியின் சைக்கிள் ஸ்ராண்ட் விழுந்த சத்தத்திலேயே விசயம் விளங்கிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார்.

"இருபத்து மூண்டு" என்றார் தேவகுமாரி.

"இருபத்து நாலாகப் போகுது எண்டு சொன்னவை" என்று ஹெக்டர் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"நான் இஞ்சை பத்து நாளா ஒரு ரூபாயை வைச்சு மாரடிக்கிறன். நீங்கள் ஊரைக் கூட்டி ஏத்திப்போட்டு வந்து 'வந்திட்டுது, வந்திட்டுது' எண்டு கத்திக்கொண்டிருந்திருக்கிறியள்."

"நீர் வேண்டாம் எண்டு சொல்ல முதல் சேத்தது. சொன்ன பிறகு ஒருத்தரையும் சேக்கேல்லைத்தானே?"

"நான் இன்னும் சொல்லவேயில்லையே!"

"அதுதான் சொல்லுறன்."

கடைசியில் விசயம் வெளியே வந்தது. இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து ஐயாயிரத்து எழுநூற்றைம்பது. தன்னுடைய எழுநூற்றைம்பதோடு ஆறாயிரத்து ஐந்நூறு. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கப்பல் ரிக்கற்றுக்கு ஒரு தொடக்கமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எண்பத்தொன்பதில் கலியாணப் பேச்சின்போது "கப்பலிலை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவன்" என்று ஹெக்டர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குக் கப்பல் இல்லை, கப்பல் வந்தபோது காசு இல்லை.

தேவகுமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒரு ரிக்கற்றோ, ரெண்டோ?"

ஹெக்டர் ஒரு வினாடி யோசித்தார். "ரெண்டு."

அந்த ஒரு வினாடியைத் தேவகுமாரி குறித்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, பதினோராம் பக்கத்தைத் திறந்து, கப்பல் எந்தக் கடைப் பட்டியலிலும் இல்லை என்பதைக் காட்டினார். ஹெக்டர் இரண்டு தரம் வாசித்தார். நாய்க்கு முழுகவார்க்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "எங்களிட்டை நாயும் இல்லையே" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு தேவகுமாரிக்கு மேற்கொண்டு ஏச மனம் வரவில்லை. அவரே முருங்கைக்காயைச் சீவி முடித்தார்.

மறுநாள் சபை மண்டபத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். தேவகுமாரி கொப்பியை விரித்து நின்றுகொண்டே வாசித்தார். சேவை சரி. நாற்பது தரம் அனுப்பியதில் நாற்பதும் ஒரு சதம் குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கணக்கை மூடினால் காசு திரும்ப வருகிறது. பண்டிகைக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். மண்டபத்தில் ஒரு நிம்மதி மூச்சு கேட்டது. தேவகுமாரி பக்கத்தைப் புரட்டினார்.

"போனஸ் பிழை."

மூச்சு நின்றது.

"முந்திச் சில கடையளிலை தராசுத் தட்டுக்குக் கீழை புளியை உருட்டி ஒட்டிவைப்பினம். தராசு நல்ல தராசுதான். புளியைச் சுரண்டினால் சரியா நிறுக்கும். உதுவும் அப்பிடித்தான். எழுநூற்றைம்பது எண்டு பெரிசா எழுதியிருக்கு. ரெண்டாயிரம் போடவேணும் எண்டதும், காசா எடுக்கேலாது எண்டதும் சின்னதா எழுதியிருக்கு. புளிக்காக ஒருத்தரும் ஏறாதேங்கோ. தராசு தேவையெண்டால் ஏறுங்கோ."

பிறகு தொண்டையைச் செருமினார். "இன்னொண்டு. பரிசோதகர் தன்ரை பக்கத்தையும் சொல்லவேணும். என்ரை வீட்டிலை ஒராள் இருபத்து மூண்டு பேரைச் சேத்து வைச்சிருக்கிறார். ஆரெண்டு நான் சொல்லேல்லை."

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஹெக்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையில் போதகர் ஜொனதன் மெல்லக் கையை உயர்த்தினார். "அக்கா, ஒன்பதாவது ஆள் நான்."

"எப்ப?"

"உங்களிட்டைக் கேக்கிறதுக்கு முதல் நாள்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. பாட்டுக்கு ஓகன் வாசிக்கிறவர், ஞாயிறு பாடசாலை ஆசிரியைகள் இருவர், பொருளாளர். மண்டபத்துக்குள்ளேயே பதினொரு பேர். தேவகுமாரி பேனாவைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். சிரிப்பு முதலில் ஓகன்காரரிடம் தொடங்கி மண்டபம் முழுவதும் பரவியது. தேவகுமாரி மட்டும் பேனாவை மூடும்வரை சிரிக்கவில்லை.

பிழையான படி சந்தைக்குள் போய்விட்டால் வீடுவீடாகப் போய்த் திருப்பி எடுக்கவேண்டும் என்பது அவருடைய பழைய சட்டம். மிச்சப் பன்னிரண்டு பேரிடமும் ஹெக்டரே போய் விளக்கவேண்டும் என்றார். ஹெக்டர் சைக்கிளில் இரண்டு நாள் அலைந்தார். திட்டு வாங்கத் தயாராகப் போனவருக்கு எல்லா வீட்டிலும் தேத்தண்ணிதான் கிடைத்தது. மார்க்கண்டு வெங்காயப் பாத்தியில் நின்றபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எழுநூற்றைம்பது எனக்கு வராதோ?"

"வரும் அண்ணை. ஆனால் காசா இல்லை, கேக்காத்தான் வரும்."

"நீ வந்து கேட்டாய் எண்டுதானே ஏறினனான். என்ரை போனிலை அதை எப்பிடித் திறக்கிறதெண்டும் எனக்குத் தெரியாது" என்றார் மார்க்கண்டு. "அண்டைக்கு மழைக்குள்ளை வந்து நிண்டாய். உன்னை எப்பிடித் திருப்பி அனுப்புறது?"

முப்பது நாள் முடிய ஐந்து நாள் இருந்தபோது ஹெக்டரும் தேவகுமாரியும் யாழ்ப்பாணம் போய், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் கேக் வாங்கினார்கள். பட்டர் கேக்கும் ரிபன் கேக்கும். கடைக்காரப் பையன் நிறுக்கும்போது தேவகுமாரி தராசின் முத்திரைத் திகதியைக் குனிந்து பார்த்தார், சரியாக இருந்தது. ஞாயிறு பின்னேரம் இருபத்து மூன்று பேரும் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். சைவக்காரரான மார்க்கண்டு முட்டை போட்டதோ என்று கேட்டார்; போட்டது என்றதும் வாழைப்பழமும் தேத்தண்ணியும் போதும் என்று சந்தோசமாக உட்கார்ந்தார். ஹெக்டருக்குச் சீனி வருத்தம், கேக் தொடக்கூடாது. ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு விரலில் ஒட்டியதை மட்டும் நக்கினார். அதையும் தேவகுமாரி கண்டார்; கொப்பியில் ஏற்றவில்லை.

எல்லோரும் போய்க்கொண்டிருந்தபோது கேற்றில் வினோஜா நின்றாள். செம்மஞ்சள் சட்டை இல்லாமல் சின்னப் பிள்ளை மாதிரித் தெரிந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தேவகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்ரி, சந்தையிலை எல்லாரும் 'புளி எங்கை ஒட்டியிருக்கு?' எண்டு கேக்கினம்."

"கேக்கட்டும்."

"ஒரு நாளைக்கு நாற்பது பேர் சேக்கவேணும் அன்ரி எனக்கு. உடுப்பிட்டியிலையிருந்து ரெண்டு பஸ் ஏறி வாறன்." கதிரை நுனியில் உட்கார்ந்தாள். "போனஸை எங்கை செலவழிக்கிறது எண்டு நானும் மேலை கேட்டனான். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. உங்கடை கொப்பியைத் தருவியளோ? படம் எடுத்து அனுப்பப்போறன். நான் சொன்னால் கேக்கமாட்டினம். எழுத்திலை இருந்தால் கேப்பினம்."

தொழிலில் இப்படி ஒரு வியாபாரி தானாகத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்ததாகத் தேவகுமாரிக்கு நினைவில்லை. கேக் இருந்த தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கொப்பியை எடுக்க எழுந்தார். பக்கத்தில் இருந்து பக்கம் பக்கமாகப் பிடித்துக் கொடுத்தார். எழுத்துத் தெளிவில்லாத இடங்களை அவரே வாசித்தும் சொன்னார்.

அறுவடைப் பண்டிகை ஏலத்தில் முப்பத்தெட்டுப் பேர் சுறுக்கால் கட்டினார்கள். ஒருவரும் காசு எடுக்கவென்று போய்க் காணாமல் போகவில்லை. ஐப்பசி நடுவில் சந்தைக் கூடாரத்தில் ஒரு புதுப் பலகை தொங்கியது. நிபந்தனைகள் தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில். சுன்னாகத்திலேயே ஒரு பலசரக்குக் கடையும் ஒரு மருந்துக்கடையும் பங்காளர்களாகச் சேர்ந்திருந்தன. வினோஜாவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது என்பது இருபத்தைந்தாகக் குறைந்ததாம். ஹெக்டர் மறுபடி காசுத்தாளுக்கே மாறிவிட்டார். மின்சாரக் கட்டணத்தைத் தேவகுமாரிதான் சுறுக்கால் கட்டுகிறார். கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று மூன்றை அமத்தி ஒருமுறை கேட்கவும் செய்கிறார்.

போன கிழமை சுறுக்கின் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'திரு. தேவகுமாரி அவர்கட்கு' என்று தொடங்கியது. வாடிக்கையாளர் ஆலோசனைக் குழுவில் சேரும்படியும், சேர்ந்தால் உடனடியாக ஐயாயிரம் ரூபாய் வரவேற்பு போனஸ் வழங்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். ஹெக்டர் இரண்டு நாளாக அந்தக் கடிதத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தேவகுமாரி பதிலில் ஐந்து கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார். முதலாவது, அவர் திருமதி என்பதை எப்போது திருத்துவார்கள் என்பது.